கயிற்றில் வந்த ஆறு

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த இரும்புப் பட்டறைக்கு ஒரு பார்சல் வந்தது. கோணியில் சுற்றி, கோணியூசியால் தைத்து, அரக்கு வைத்திருந்தார்கள். வந்தது முதலாளிக்கும் இல்லை, சூப்பர்வைசரான எனக்கும் இல்லை. எங்கள் வாட்ச்மேனுக்கு வந்தது.

அவரை எல்லோரும் கூர்க்கா என்றுதான் கூப்பிடுவோம். "நேபாளம் இல்ல சாப், நம்ம இந்தியாதான்" என்று அவர் இருபது வருஷமாகச் சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் ஏறவில்லை. உத்தரப் பிரதேசத்தின் மலைப்பக்கம் அவர் ஊர். இமயமலை அடிவாரமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "அடிவாரம் இன்னா அடிவாரம், மேல கீது சாப்" என்று கோபித்துக்கொண்டார். இங்கே வந்து எங்கள் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்.

பார்சல் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் அவருக்கு ஒரு தந்தி வந்திருந்தது. ஆற்றில் வெள்ளம், பாலம் போய்விட்டது என்று அவர் அக்கா அடித்த தந்தி. பின்னாலேயே அவள் யாரையோ கொண்டு எழுதவைத்த கடிதம் வந்தது. மேலே எங்கோ ஒரே இடத்தில் மேகம் கொட்டித் தீர்த்திருக்கிறது. முழங்கால் அளவு ஓடும் ஆறு, வீட்டளவு பாறைகளை உருட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறது. மாவு அரைக்கும் ஆலை, வயல்கள், கரையோர வீடுகள் எல்லாம் போய்விட்டன. அந்த ஊர் ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறது. அக்கா இந்தக் கரை. அவளுடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது அந்தக் கரையில். ஏழே வீடுகள்; பின்னால் செங்குத்துப் பாறை. பாலத்தைத் தவிர அவர்களுக்கு வேறு வழி கிடையாது. மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

வெள்ளம் வடிந்த பிறகும் ஆற்றின் வேகத்தில் யாராலும் இறங்க முடியவில்லை. அந்தக் கரையில் தானியம் மார்கழி வரைக்கும்தான் வரும். மார்கழியில் பனி விழுந்தால் கீழிருந்து ஊருக்கு வரும் வழியே மூடிவிடும். அதற்குள் பாலம் வேண்டும். அரசாங்கத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். அதே மலையில் பாலம் போன ஊர்கள் வரிசையாக நின்றன, இவர்கள் முறை எப்போது வரும் என்று தெரியாது. இதையெல்லாம் வாட்ச்மேன் கேட்டருகே நின்று முதலாளியிடம் சொன்னார். அழவில்லை. சொல்லிவிட்டு வழக்கம்போல ஒரு சல்யூட் அடித்தார்.

எங்கள் முதலாளி சிடுமூஞ்சி. ஆணி கீழே கிடந்தால் எட்டுப் பேர் நிற்க ஏசுவார். அன்றைக்கு அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஆத்துக்கு அகலம் எவ்வளவு? எழுதிக் கேளு."

அந்தக் கேள்விக்குப் பதில்தான் பார்சலில் இருந்தது. பிரித்தால் உள்ளே கயிறு. முறுக்கிய காட்டு நார்க்கயிறு, ஈர மண்ணும் ஆட்டு வாடையும் கலந்த வாசனை. கூடவே இந்தியில் ஒரு துண்டுக் கடிதம். வாட்ச்மேன் படித்துச் சொன்னார். ஊரில் கவண் வீசுவதில் கெட்டிக்காரர் ஒருவர், கல்லில் நூலைக் கட்டி அக்கரைக்கு எறிந்திருக்கிறார். பல தடவை ஆற்றில் விழுந்து, கடைசியில் ஒரு கல் போய்ச் சேர்ந்தது. அக்கரையில் இருந்தவர்கள் நூலை இழுத்து, நூலோடு கயிற்றை இழுத்து, பாலத்தின் தூண் நிற்கவேண்டிய இடத்தில் முடிச்சுப் போட்டார்கள். இக்கரையில் ஒரு முடிச்சு. அப்புறம் கயிற்றைத் திரும்ப இழுத்துச் சுருட்டித் தபாலில் போட்டுவிட்டார்கள். அந்தக் கரை முடிச்சைப் போட்டது அக்காவின் மகள்.

கயிற்றை அளக்கப் பட்டறைக்குள் இடம் போதவில்லை. தெருவுக்கு வந்தோம். எங்கள் கேட்டில் ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், வாட்ச்மேன் மறு முனையோடு நடந்தார். டீக்கடை பெஞ்ச் குறுக்கே இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பச் சொன்னதற்கு டீக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். "தெரு இன்னா உங்க அப்பன் ஊட்டுதா?" என்று கத்தினார். விஷயத்தைச் சொன்னதும் வாய் மூடி, தானே பெஞ்சைத் தூக்கி ஓரம் போட்டார். வாட்ச்மேன் டீக்கடையைத் தாண்டினார், அடுத்த ஷெட்டைத் தாண்டினார், அதற்கடுத்த ஷெட்டின் கேட்டையும் தாண்டி நின்று கையைத் தூக்கினார். கயிறு விறைத்தது.

எனக்குத் தெரிந்த ஆறு கூவம்தான். கரையான்சாவடியிலிருந்து பஸ்ஸில் வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பேன். அன்றைக்குத் தெருவில் நின்று அந்தக் கயிற்றைப் பார்த்தபோது, இதன் அந்த முனையில் ஒரு பெண் நின்று முடிச்சுப் போட்டிருக்கிறாள், அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் இவ்வளவு தண்ணீர் என்று நினைத்தேன். மதிய ஷிப்டுக்கு வந்தவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். யாரும் கயிற்றைத் தாண்டிப் போகவில்லை, சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

தொங்குபாலத்துக்கு வரைபடம் போட்டது நான். இரண்டு கரையிலும் இரும்புத் தூண், தூண்களின் மேல் கம்பி வடம், வடத்திலிருந்து தொங்கும் கம்பிகள், அவற்றின் அடியில் நடைபாதைத் தகடு. பக்கத்து ஷெட்டுகளிலிருந்து இரும்பு வந்தது, போல்ட் வந்தது, துத்தநாகப் பூச்சு வந்தது. எங்கள் தலைமை வெல்டர், அண்ணாத்தே என்று எல்லோரும் கூப்பிடுகிற பெரியவர், தன் சொந்த வேலைபோல உட்கார்ந்து பற்ற வைத்தார். நான் தூண் கால்களைப் பதினெட்டு அடிக்கு ஒரே துண்டாகச் செய்தேன். நடுவில் இணைப்பே கிடையாது. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. வேலையைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டினேன்.

எஸ்டேட்டில் எந்த வேலை வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது, லாரி எத்தனை அடி என்பதுதான். லாரியில் ஏறிவிட்டால் பொருள் போய்ச் சேர்ந்த மாதிரி. அதற்குமேல் யோசிக்க எங்களுக்குத் தெரியாது. பதினெட்டு அடி லாரியில் சௌகரியமாக ஏறும் என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாம் முடிந்தது. பூஜையன்று தூண் கால்களை வரிசையாகச் சாய்த்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தோம். வெல்டிங் மெஷின், சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றோடும் அந்தக் கயிற்றுச் சுருளையும் வைத்து அதற்கும் பொட்டு வைத்தார் அண்ணாத்தே. அப்போது கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. அக்காவை சென்ட்ரலிலிருந்து கூட்டிவந்தார் வாட்ச்மேன். பாலத்தோடு லாரியில் போக வந்தவள்.

நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லி. அந்த வேக்காட்டில் கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தாள். இடுப்பில் அகலமான ஒரு பட்டை நாடா சுற்றியிருந்தது. பூஜைக்கு நடுவில் தன் கயிற்றைப் பார்த்தாள், அதன் மேல் குங்குமத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாங்கள் கொடுத்த பொரி கடலையை முழுக்கச் சாப்பிட்டாள். பிறகு தூண் காலின் பக்கம் போனாள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன், பாராட்டுவாள் என்று. அவள் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நடந்தாள். திரும்ப நடந்தாள். தம்பியிடம் ஏதோ சொன்னாள்.

"அக்கா சொல்லுது, இது போவாது சாப்" என்றார் வாட்ச்மேன்.

"ஏன் போகாது? லாரி பேசியாச்சு, நாளை மறுநாள் கிளம்புது" என்றேன். எனக்குச் சுருக்கென்று கோபம்.

"லாரி பாதிதான் சாப். ரோடும் வெள்ளத்துல பூட்சு. அங்கேர்ந்து மூணு நாளு நடை. எல்லாம் முதுகுலதான்."

எனக்குப் புரியவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். காலையில் வாசலில் போட்ட கோலத்துக்கான மாவு கிண்ணத்தில் மீதி இருந்தது. அதை எடுத்துவந்து, பட்டறை முற்றத்தில் குனிந்து கோடு போட ஆரம்பித்தாள். இரண்டு கோடு, நடுவில் இரண்டடி இடைவெளி. அதுதான் பாதை. பத்துத் தப்படி நேராகப் போய், சட்டென்று வந்த திசைக்கே மடங்கியது. கோட்டின் ஒரு பக்கத்தைக் காட்டிக் கையை மேலே தூக்கினாள்: பாறை. மறுபக்கத்தைக் காட்டிக் கையைக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். கை தரையைத் தொட்டும் இறக்குவதை நிறுத்தவில்லை.

அக்காவும் தம்பியும் தூண் காலை ஆளுக்கொரு முனையாகத் தூக்கினார்கள். அவள் பட்டை நாடாவை நெற்றியில் மாட்டிச் சுமையை முதுகில் வாங்கிக்கொண்டாள். கோலக்கோட்டுக்குள் நடந்தார்கள். வளைவு வந்தது. அவள் திரும்பினாள். பின்னால் இருந்த முனை பாறைக் கோட்டில் போய் இடித்தது. இன்னும் திரும்பினால் அவள் கால் பள்ளத்துப் பக்கக் கோட்டைத் தாண்டியது. அவள் நின்றாள். ஒரு காலை அந்தரத்தில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பதினெட்டு அடி, ஒரே துண்டு, நானே தட்டித் தட்டிக் காட்டினது. தரை பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. முதலாளி ஏசவில்லை, அதுதான் இன்னும் மோசம். "அதுக்கு எவ்வளவு நீளம் வேணும்னு கேளு" என்றார்.

அவள் தரையில் நேராகப் படுத்தாள். கையைத் தலைக்கு மேல் நீட்டாமல், தன் உயரத்துக்கு மட்டும். காலடியிலும் தலைமாட்டிலும் மாவால் கோடு போட்டாள். அதற்குமேல் ஒரு துண்டும் நீளமாக இருக்கக்கூடாது. ஒரு துண்டு ஓர் ஆள் தூக்கும் கனம்.

அன்று ஆயுத பூஜை. சந்தனம் வைத்த கருவியை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. அண்ணாத்தே அதில் மகா கண்டிப்பு. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "காலைல அஞ்சு மணிக்கு வந்துருவேன். நீங்க எல்லாரும் வந்துருங்க" என்றார்.

மறுநாள் கால்களை அறுத்தோம். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு பக்கமும் தகடு, தகட்டுக்கு எட்டு துளை, துளைக்கு ஒரு போல்ட். நான் வெறி பிடித்தவன் மாதிரி இருந்தேன். தப்பு செய்தவனுக்கு வரும் சுறுசுறுப்பு இருக்கிறதே, அது பொல்லாதது. எல்லாமே ஓர் ஆள் சுமையாக இருக்கவேண்டும் என்று மண்டையில் ஏறிவிட்டது. கம்பி வடச் சுருள்கள் ஓரமாக இருந்தன, நான்கு. ஒவ்வொன்றும் ஒரு சின்ன மாட்டின் கனம். இதையும் துண்டாக்கிக் கவ்வி போட்டு இணைத்துவிட்டால் போயிற்று என்று கேஸ் கட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் ஓடிவந்து சுருளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே கத்தினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. கையில் எரிகிற கட்டரோடு நான் திருதிருவென்று விழித்தேன்.

வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்தார். "அக்கா சொல்லுது, கயிறு ஒண்ணாத்தான் இருக்கணும். அது மேலதான் என் பொண்ணு நடக்கும்ன்னுது."

"அப்ப எப்படித் தூக்குவீங்க? இதை ஒரு ஆள் தூக்க முடியாதே?"

அவர் கேட்டுச் சொன்னார். "கயிறு ஒண்ணு. ஆளு எத்தினி வேணாலும் வருவாங்க."

அப்புறம் அவள் காட்டினாள். பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டாள், நான் உட்பட. தெருவில் ஒரு சுருளைப் பிரிக்கச் சொன்னாள். முதல் ஆள் தோளில் வடத்தை மூன்று வளையமாகச் சுற்றிப் போட்டாள். அறுக்காமல் நாலடி தொங்கவிட்டு, அடுத்த ஆள் தோளில் மூன்று வளையம். இப்படியே பன்னிரண்டு தோள், ஒரே வடம். அண்ணாத்தே முதலில், நான் ஏழாவது. அவள் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தாள். ஒரு குரலுக்கு ஒரு அடி. முதல் தடவை அண்ணாத்தே குரலுக்கு முன்னாலேயே காலை வைத்துவிட்டார். வடம் ஒரு வெட்டு வெட்டி, பன்னிரண்டு பேரும் தள்ளாடினோம். அவள் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரை அப்படித் திட்டியவர்கள் கிடையாது. அவர் பல்லைக் காட்டிக்கொண்டு, "சரி தாயே, சரி தாயே" என்றார்.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. நடந்தோம். டீக்கடையைத் தாண்டினோம். முன்னால் போகிறவர் மூச்சு வாங்கினால் என் தோளில் தெரிந்தது. பின்னால் வந்தவன் இருமினான், அதுவும் தெரிந்தது. நான் கால் மாற்றினால் பன்னிரண்டு பேரும் ஆடுவார்கள் என்பதால் நான் கால் மாற்றவில்லை. பட்டறையில் அத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறோம், அன்றைக்குத்தான் அவர்களோடு நான் இருந்தேன். அவள் ஒரு குரல் நீளமாகக் கொடுத்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றோம். அந்த மெலிந்த பெண்மணியைப் பார்த்து எனக்குக் கும்பிடத் தோன்றியது. நான் டிப்ளமா படித்தவன், அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஒரு மலையையே மனசில் வைத்திருந்தாள். எந்த வளைவில் இளைப்பாறலாம், எதில் மூச்சுக்கூட விடக்கூடாது என்று மூன்று நாள் பாதையையும் வரிசையாகச் சொன்னாள்.

எட்டு நாள் வேலை. ஒருநாள் காலை அவள் எங்கள் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறிவிட்டாள். ஆவடிப் பக்கம், பூந்தமல்லிப் பக்கம் என்று நாலா பக்கமும் பார்த்தாள். இறங்கி வந்து தம்பியிடம் ஏதோ கேட்டாள், அவர் சிரித்தார். மலையே இல்லாத ஊரில் வீடு எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டாளாம்.

லாரி கிளம்பிய அன்று வாட்ச்மேனும் கூடப் போனார். கார்த்திகையில் ஒரு கார்டு வந்தது, ரோடு முடியும் இடம் வந்து சேர்ந்தோம் என்று. அத்தோடு சரி. மார்கழி வந்தது, பொங்கல் போனது, ஒரு தகவலும் இல்லை. பேப்பரில் வடக்கே பனி என்று போட்டால் எந்த ஊர் என்று தேடிப் படிப்பேன். நான் செலவழித்த அந்த எட்டு நாள். லாரி அளவுக்கு வெட்டாமல் மனுஷன் அளவுக்கு முதலிலேயே வெட்டியிருந்தால் எட்டு நாள் முன்னால் போயிருக்கும். சோற்றில் கை வைத்தால் இதுதான் நினைப்பு. பட்டறையில் யாரும் இதை என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. முதலாளி தினமும் தபால்காரரை அவரே போய்ப் பார்த்தார்.

பங்குனியில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துவந்தால், கேட்டில் சல்யூட் அடித்துக்கொண்டு வாட்ச்மேன் நின்றார். முகம் கறுத்து, உதடு வெடித்து, பாதி ஆளாக இருந்தார். நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"பாலம் நிக்குது சாப். அது ஏறி நாலாம் நாளு பனி வுழுந்துச்சு."

நாலு நாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தோம். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அக்கரைத் தூணைத் துண்டு துண்டாகக் கயிற்றில் இழுத்துக்கொண்டு, அந்த ஏழு வீட்டாரே நிறுத்தினார்களாம். முதல் ஆளாக அக்காதான் பாலத்தில் போயிருக்கிறாள், முதுகில் கோதுமை மூட்டையோடு. நடுவில் போனதும் நின்றுவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து மகள் வந்தாள், நிறைமாத வயிற்றோடு, கம்பியைப் பிடித்துப் பிடித்து. மூட்டையை இறக்காமலே அக்கா மகளின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாளாம். பனிக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது.

அண்ணாத்தே முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி மூக்கைச் சிந்தினார். நான் அழுதேன், வெட்கப்படவில்லை.

"வடத்தை எத்தனை பேர் தூக்கினாங்க?" என்று கேட்டேன். தோளில் தூக்கிப் பார்த்தவனாயிற்றே, அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"நாலு வடத்துக்கும் நூறு பேருக்கு மேல சாப். எங்க ஊருல அத்தினி பேரு ஏது? கீழ் ஊருங்கள்லேர்ந்து வந்தாங்க. மூணு நாளும் நடந்தாங்க. அவுங்க ரொட்டிய அவுங்களே கட்டிகினு வந்தாங்க."

"அவங்க ஊர்ல பாலம் இருக்கா?"

"எங்க கீது? அதே வெள்ளத்துல பூட்சு."

தங்கள் பாலம் போனவர்கள், அடுத்த ஊர்ப் பாலத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று நாள் மலை ஏறியிருக்கிறார்கள். எங்களிடம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்தேன். அதற்குள் வாட்ச்மேன் தன் மூட்டையை அவிழ்த்தார். தயங்கித் தயங்கித்தான் அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்று கயிற்றுச் சுருள். ஒவ்வொன்றிலும் இரண்டு முனையிலும் முடிச்சு.

முதலாளி மூன்றையும் பார்த்தார். ஒரு சுருளை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்து, எங்கள் கேட்டில் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீக்கடைக்காரர் கயிற்றைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு, அதைத் தூக்கி ஓரம் போட்டார்.